போகும்போது சொன்ன கமிங்

பிழையைக் கண்டால் வாய் சும்மா இருக்காத மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. திருமழிசையில் அந்தப் பொறுப்பைப் பரந்தாமன் பார்த்துவந்தார். யாரும் கொடுத்த பொறுப்பு இல்லை, அவராக விரும்பி ஏற்றுக்கொண்டது. ஓட்டல் பலகையில் ஓர் எழுத்து கூடியிருந்தால் கல்லாவில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் அச்சுப்பிழை எங்கே என்று பார்ப்பார். கிடைத்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

இத்தனைக்கும் இங்கிலீஷ் அவருக்குப் பரம்பரைச் சொத்தாக வந்ததல்ல. பரம்பரையாக வந்தது நெல் விளைந்த நிலம்தான். அதன் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குள் போய்விட்டது. அந்தப் பேட்டையிலேயே வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதை நெருங்கும் நேரத்தில் புனேயிலிருந்து புதிதாக ஒரு மேனேஜர் வந்து, எல்லாவற்றையும் இங்கிலீஷில் மெயிலாக எழுதச் சொன்னார். பரந்தாமனுக்குத் தூக்கம் போயிற்று. பூந்தமல்லியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மாடியில் சுதா என்கிற டீச்சர் நடத்திய ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

வகுப்பு முழுக்கச் சின்னப் பிள்ளைகள். கடைசி பெஞ்சில் மட்டும் நரைத்த தாடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் உஸ்மான் கனி. பூந்தமல்லி கடைத்தெருவில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருப்பவர். சட்டைக் காலரில் எப்போதும் இலவம்பஞ்சு ஒட்டியிருக்கும். அவர் இங்கிலீஷ் படிக்க வந்த கதை தனி. மகள் இஃபத்துக்குப் பெங்களூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அந்த வீட்டில் உருதும் இங்கிலீஷும் தவிர வேறு பேச்சு கிடையாது. பாய் என்றால் உருது தெரிந்திருக்கும் என்று ஊரே நினைக்கும். ஆனால் கனி பாய் குடும்பத்தில் பாட்டன் காலத்திலிருந்து தமிழ் தவிர வேறெதுவும் நுழைந்ததில்லை.

“உருது கத்துக்கலாம்னு பார்த்தேன் நைனா,” என்றார் முதல் நாளே, பரந்தாமனுக்குப் பெஞ்சில் இடம் விட்டபடி. “கத்துகினு தப்பா பேசினா, இன்னா பாய் நீ, உனக்கே உருது வரலியான்னு கேப்பாங்க. இங்கிலீஷ்னா யாரும் கேக்க மாட்டாங்க பாரு. எல்லாருக்கும் அது அடுத்தவன் ஊட்டு பாஷ.”

பரந்தாமனுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அந்த வயதில் புதிதாக ஒரு சிநேகிதன் கிடைப்பது சுலபமா? இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். போனிலும் மெசேஜிலும் இங்கிலீஷ் மட்டும்தான். தமிழ் வாயில் வந்துவிட்டால் அன்றைய டீ அவர் செலவு. வகுப்பு முடிந்து பஸ் நிலையத்துக்கு எதிர் டீக்கடையில் நின்று, தமிழிலேயே மணிக்கணக்காகப் பேசி அந்தக் கணக்கைத் தீர்ப்பார்கள்.

சுதா டீச்சர் வாரம் ஒரு முறை குழப்பும் சொற்களைச் சோடி சோடியாகப் பலகையில் எழுதுவார். இழப்பதற்கு ஒரு ‘ஓ’, தளர்ந்திருப்பதற்கு இரண்டு ‘ஓ’. கடன் வாங்குவது ஒரு சொல், கொடுப்பது இன்னொரு சொல். ஒரு வாரம் கம், கோ வந்தது. இதில் என்ன குழப்பம் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். சுதா விளக்கினார்: பேசுகிறவரை நோக்கியோ கேட்கிறவரை நோக்கியோ நகர்ந்தால் கம், மற்ற திசை எல்லாம் கோ. ஆகவே ‘ஐ ஆம் கமிங்’ என்று ஒருவரிடம் சொன்னால் அவரைப் பார்க்க வருகிறோம் என்றுதான் பொருள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அப்படிச் சொல்லக் கூடாது, ‘ஐ ஆம் கோயிங்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

கனி பாய் கையைத் தூக்கினார். “மேடம், ஊட்லேர்ந்து கெளம்பறப்ப போறேன்னு சொன்னா என் சம்சாரம் செருப்பால அடிக்கும். வரேன்னுதான் சொல்லணும். உள்ள கீறவங்க போய்ட்டு வாங்கன்னு சொல்லணும். அத்த காதுல கேட்டுட்டுதான் படி எறங்கணும். அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா?”

சுதா, அதற்கென்று சொல் இல்லை, ‘பை’ என்றால் போதும் என்றார். பஸ் ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டு குழந்தைகள் சொல்வதா என்று கேட்டுவிட்டுப் பாய் உட்கார்ந்துகொண்டார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அன்றிலிருந்து அது இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. போனில் பேசி முடிக்கும்போதெல்லாம் பாய் “ஐ ஆம் கமிங்” என்பார். “கோயிங், பாய், கோயிங்” என்பார் பரந்தாமன். “சரி, கோயிங். ஐ ஆம் கமிங்” என்று சொல்லிவிட்டுப் பாய் போனை வைப்பார். திருத்துவதில் பரந்தாமனுக்கு ஒரு சுகம், திருந்தாததில் பாய்க்கு ஒரு சுகம். ஸ்டோர்ஸில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது நினைத்துக்கொண்டு பரந்தாமன் சிரிப்பதுண்டு.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் பரந்தாமன் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். புனே மேனேஜரே ஒரு மெயிலைப் பாராட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. சுதா டீச்சரையே ஒரு முறை திருத்தினார், அதுவும் சரியாகவே திருத்தினார். கற்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று தோன்றியதும் வகுப்பையும் விட்டார், வகுப்பின் வாட்ஸப் குழுவையும் விட்டு வெளியேறினார். அந்தக் குழுவில்தான் எல்லாரும் எல்லாருடைய நல்லது கெட்டதையும் சொல்லிக்கொள்வார்கள் என்பது அப்போது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

பெங்களூர்க்காரர்கள் நாள் குறிக்க வந்தபோது, பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று கனி பாய் பரந்தாமனை வரச்சொல்லியிருந்தார். பாய் மாதக்கணக்காகத் தயார் செய்திருந்தார். சம்பந்தியிடம் மெத்தைக் கடையைப் பற்றிச் சொன்னார், மகளின் படிப்பைப் பற்றிச் சொன்னார், பெங்களூர்க் குளிரை விசாரித்தார். வழியில் நாலைந்து இடங்களில் சறுக்கினாலும் விழவில்லை. பாயின் மனைவி மஹ்பூபா வாசல் திரைக்குப் பின்னால் நின்று தன் கணவர் இங்கிலீஷ் பேசுவதை வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் மழைக்காலத்துக்கு முன்னால் என்று முடிவாயிற்று.

சம்பந்தி வீட்டார் கிளம்பினார்கள். கார் தெருவில் நின்றது. பாய் வாசல்படியில் நின்று, நெஞ்சில் கை வைத்து, சம்பந்தியைப் பார்த்து மனம் நிறைந்து சொன்னார்: “கோ அண்ட் கம், சார். கோ அண்ட் கம்.”

பரந்தாமனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வந்ததை விழுங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. போகச் சொல்கிறாரா வரச் சொல்கிறாரா, பாவம் டிரைவர் குழம்பிவிடுவார், இப்படி ஓர் இங்கிலீஷ் உலகத்தில் கிடையாது என்று, அவரும் நல்ல இங்கிலீஷிலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். மாப்பிள்ளைப் பையன் குபீரென்று சிரித்தான். சம்பந்தியும் சிரித்தார். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். நெஞ்சில் வைத்த கையை மட்டும் மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டார்.

கார் போன பிறகு வாசலில் இருவரும் நின்றார்கள். “நீ சொன்னது கரெக்ட்டுதான் பரந்தாமா,” என்றார் பாய். நைனா போய்ப் பெயர் வந்திருந்தது. “ஆனா என் ஊட்டு வாசல்ல வச்சி சொல்லிட்ட.”

பரந்தாமன் கிளம்பும்போது பாய் போய்ட்டு வா என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் பேசிய ஒரே ஒரு முறை, எதையோ விசாரித்துவிட்டு, “ஓகே, ஐ ஆம் கோயிங்” என்று சொல்லிப் போனை வைத்தார். ஒரு பிழையும் இல்லாத வாக்கியம். மன்னித்துவிடுங்கள் பாய் என்று அன்றைக்கே போய் நின்றிருந்தால் முடிந்திருக்கும், பூந்தமல்லி என்ன பொதிகை மலையா? போகவில்லை. சொன்னது சரிதானே, சரியைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு என்று ஒரு பிடிவாதம். மாதங்கள் போயின. பூந்தமல்லி போகும் பஸ்ஸில் கடைத்தெரு வரும்போது அவர் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பும், ஆனால் அவர் இறங்கமாட்டார்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, ஸ்டோர்ஸில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கனி பாய். ஒரே வரி, இங்கிலீஷில்: ‘ஐ ஆம் கமிங்.’

பரந்தாமன் அதை நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று முறை படித்தார். முகத்தில் சிரிப்பு பரவியது. கேட்கிறவரை நோக்கி நகர்ந்தால் கம். அப்படியானால் பாய் தன்னைப் பார்க்க வருகிறார். வேறு பொருளே இல்லை, இலக்கணம் அப்படித்தான் சொல்கிறது. வந்து சமாதானமாகப் போகிறார். கல்யாணத்துக்கு நேரில் அழைக்கப் போகிறார். பதில் அனுப்ப விரல் போயிற்று, பிறகு நின்றது. உடனே பதில் போட்டால் காத்துக் கிடந்ததுபோல் ஆகிவிடாதா? வரட்டும், வருகிறவர் வரட்டும் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

பாய் எங்கே வருவார்? தன் வீடு அவருக்குத் தெரியாது, கம்பெனி வாசலில் விடமாட்டார்கள். டீக்கடைக்குத்தான் வருவார். மேனேஜரிடம் சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பி, பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரில் போய் நின்றார். நின்ற நேரம் முழுக்க மனசுக்குள் ஒத்திகை. என்ன ஒத்திகை என்று நினைக்கிறீர்கள், மன்னிப்புக் கேட்கவா? பாய் மன்னிப்புக் கேட்டால் பெருந்தன்மையாக எப்படி ஏற்றுக்கொள்வது என்று ஒத்திகை. அதற்கு இங்கிலீஷில் அழகான ஒரு வாக்கியம்கூடத் தயாராக இருந்தது.

டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸை எடுத்து வைத்து, பாய் எங்கே என்று பழக்கத்தில் கேட்டார். வந்துகொண்டிருக்கிறார் என்றார் பரந்தாமன். தெரு விளக்கு எரிய ஆரம்பித்தது. வானகரம் பக்கமிருந்து வேலை முடிந்து வருகிற கூட்டம் பஸ்களிலிருந்து இறங்கி இறங்கிப் போயிற்று. பாய் வரவில்லை.

போன் செய்திருக்கலாம். கடைத்தெரு அங்கிருந்து நடக்கிற தூரம்தான், எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் சந்தோஷம் வந்த வேகத்தில் கோபம் வந்திருந்தது. பழிக்குப் பழி வாங்கிவிட்டான் மனிதன், வருகிறேன் என்று சொல்லி நிற்கவைத்து வேடிக்கை பார்க்கிறான் என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு திருமழிசை பஸ்ஸில் ஏறினார். மெசேஜுக்குப் பதில் போடவில்லை. போடவே போவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டார்.

அந்த வாரக் கடைசியில் சுதா டீச்சர் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, “கனி பாய் அடக்கத்துக்கு உங்களைக் காணோமே சார், ஊர்ல இல்லையா?” என்று கேட்டார்.

பரந்தாமனுக்கு முதலில் எதுவும் ஏறவில்லை. டீச்சர்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். பாய்க்கு நெஞ்சில் அடைப்பு இருந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஆபரேஷனை முடித்துவிடலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். சேர்த்த மறுநாள் ஆபரேஷன், அன்று சாயங்காலமே போய்விட்டார். மறுநாள் காலையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எல்லாம் குழுவில் போட்டிருந்தோமே சார் என்றார். பிறகு அவரே நினைவு வந்தவராக, நீங்கள் அதில் இல்லை அல்லவா என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். எந்த நாளில் சேர்த்தார்கள் என்று பரந்தாமன் கேட்டார். அந்த மெசேஜ் வந்த நாள்.

மறுநாள் அவர் அந்த வீட்டுக்குப் போனார். கடை மூடியிருந்தது. பாயின் தம்பி ஜுல்ஃபிகர் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மஹ்பூபா, கணவர் இறந்தபின் பெண்கள் தனித்திருக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தார், ஆண்கள் யாரும் பார்க்க முடியாது. இஃபத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பரந்தாமனைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்தது.

“அத்தாவோட மெசேஜ் வந்துச்சா அங்கிள்?” என்றாள்.

வந்தது என்று தலையாட்டினார்.

“ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்ப வாசப்படியில நின்னுகினு அனுப்புனாங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அவன்கிட்ட சொல்லாம எப்படிப் போறதுன்னாங்க. நான் எட்டிப் பாத்துட்டு, அத்தா, கோயிங்னு போடுங்க, இல்லன்னா அங்கிள் திருத்துவாருன்னு சொன்னேன். சிரிச்சாங்க. கரெக்ட்டு எனக்குத் தெரியும்மா, ஆனா அவன்கிட்ட போறேன்னு எப்படி எழுதறதுன்னாங்க.”

பரந்தாமன் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு முழுக்க பெட்ல படுத்துகினு போனையே பாத்துகினு இருந்தாங்க. படிச்சிட்டான்மா, ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சின்னாங்க. ஆனா வான்னு ஒரு வார்த்த சொல்லலியேன்னாங்க.” அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, நடந்ததைத்தான் சொன்னாள். “நீங்க பிசியா இருப்பீங்கன்னு நான் சொன்னேன்.”

“நான் அவரு வரப்போறாருன்னு நெனச்சிகினு இருந்தேம்மா,” என்றார் பரந்தாமன். “டீக்கடையாண்ட நின்னுகினு இருந்தேன். ராத்திரி வரைக்கும்.”

இஃபத் புரியாமல் பார்த்தாள். புரிந்தபோது அவள் முகத்தில் முதலில் வந்தது ஆச்சரியம். “உங்களுக்குத் தெரியாதா அங்கிள்?” என்றாள். “அத்தா எப்பவும் அப்படித்தானே சொல்வாங்க?”

தெரியும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். போன் வைக்கும்போதெல்லாம் கேட்ட வாக்கியம், ஒவ்வொரு முறையும் திருத்திய வாக்கியம், தனியாக நினைத்துச் சிரித்த வாக்கியம். அது வந்தபோது மட்டும் மனிதரை மறந்துவிட்டுப் பலகையில் எழுதிய விதியைப் பார்த்துப் பொருள் சொல்லிக்கொண்டார். பாய் ஆஸ்பத்திரிப் படுக்கையில் காத்திருந்தார், இவர் டீக்கடை வாசலில் காத்திருந்தார். ஒருவருக்கொருவர் காத்திருந்தே அந்த நாளைத் தீர்த்துவிட்டார்கள். அதை நினைத்தபோது பரந்தாமனுக்கு அழுகை வந்தது. ஜுல்ஃபிகர் அவர் தோளில் கையை வைத்தார்.

வெகுநேரம் கழித்து எழுந்தார். அதே வாசல்படி. பாய் நெஞ்சில் கை வைத்து நின்ற இடம். இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது அவர்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். சொல்லிக்கொள்ளாமல் இறங்கிவிட வேண்டும். அந்த ஒரு வாசலில் சொல்ல வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்ததை, வாழ்க்கையில் முதல் முறையாக விழுங்கிக்கொண்டு பரந்தாமன் இறங்கினார்.

பஸ் நிறுத்தத்தில் நின்று போனை எடுத்தார். பாயின் ஒரு வரி அப்படியே இருந்தது, அதற்குக் கீழே வெறுமையாக இருந்தது. டேக் கேர் என்று அடித்து அழித்தார். சீ யூ என்று அடித்து அழித்தார். புனேக்காரர் பாராட்டிய அத்தனை நல்ல வாக்கியங்களும் வந்து வரிசையாக நின்றன, ஒன்றுகூட உதவவில்லை. வருகிறேன் என்று சொன்ன மனிதருக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே ஒன்றுதான். அதற்கு இங்கிலீஷும் ஒன்றுதான் இருந்தது, அதைக் கண்டுபிடித்தவரும் பாய்தான்.

திருமழிசை பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. பரந்தாமன் ஏறவில்லை. ‘கோ அண்ட் கம், பாய்’ என்று இங்கிலீஷில் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்பினார்.